நெவிரபின் எனக்கு ஆகாது

கடலில் இறங்கிப் பிழைக்கிற பெண்ணுக்குத் தோலில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கினாலும் பாறை கிழிக்கும். மிதந்து வரும் சொறி என்கிற ஜெல்லிமீன் மேலே பட்டால் தாரை தாரையாகத் தடிக்கும். மரிக்கொழுந்துப் பாசியை மடியில் கட்டிச் சுமந்த இடமெல்லாம் உப்பில் அரிக்கும். அதனால் உடம்பில் சிவப்பாக எது தெரிந்தாலும் நாங்கள் பயப்படுவதில்லை, தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டு மறுநாளும் இறங்கிவிடுவோம். நான் சாகக் கிடந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

2012-இல் எனக்கு எச்ஐவி மருந்து தொடங்கினார்கள். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகனுக்கு ஆறு வயது. அவனுக்கும் தொற்று இருந்தது, எனக்கு முன்பே அவனுக்கு மருந்து ஆரம்பமாகிவிட்டது. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கையைச் சிடி4 என்பார்கள், எனக்கு அது அப்போது 310. அதற்கு முந்தைய வருஷங்களில் இன்னும் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்தச் சமயத்தில்தான் 350-க்குக் கீழே வந்தாலே தொடங்கலாம் என்று மாற்றியிருந்தார்கள். "நல்ல தெம்பா இருக்கும்போதே ஆரம்பிக்கிறோம்மா, நல்லது" என்றார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. எனக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்றான நெவிரபினைப் பொறுத்தவரை, சிடி4 250-க்கு மேல் இருக்கும் பெண்களுக்குத்தான் கல்லீரலும் தோலும் கெடும் ஆபத்து கூடுதல் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று. இரவில் நெவிரபின் இல்லாத மாத்திரை ஒன்று. 14 நாள் இப்படி. அதன்பிறகு இரண்டு வேளையும் மூன்றும் சேர்ந்ததே. "உடம்பு பழகணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரத்துக்குச் சரியான காரணம் உண்டு. நெவிரபினை வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் மெதுவாகத்தான் கூட்டிக்கொள்ளும். முதல் நாளே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் மருந்து ஏறி நிற்கும், தோல் தடிப்பு அதிகமாக வரும். அதனால்தான் பாதியில் தொடங்குகிறார்கள். அந்த 14 நாளுக்குள் தடிப்பு வந்துவிட்டால், அது அடங்கும்வரை அளவைக் கூட்டவே கூடாது. இந்த ஒரு வரியை எனக்கு அன்று யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருந்திருக்காது.

பதினோராம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னச் சிவப்பு. முதலில் கடல் சூடு என்று நினைத்தேன். மாத்திரை மேல் சந்தேகமே வரவில்லை. என் பிள்ளை அதே மருந்தைச் சின்ன அளவில் இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறான், ஒரு பொட்டுத் தடிப்பு அவனுக்கு வந்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒத்துக்கொள்வது தாய்க்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்ன?

அத்தைதான் முதலில் பார்த்தார்கள். "இது ஆத்தா வந்திருக்காத்தா" என்று சொல்லி வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டார்கள். எங்கள் வீடுகளில் அம்மை என்றால் அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. தாளிப்பு கிடையாது, ஊசி மாத்திரை கிடையாது, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. இளநீரும் கூழும்தான். அந்த ஒழுங்குக்குள் உட்கார்ந்துகொண்டு, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரையை இரண்டு வேளையும் யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். "ஒரு வேளைகூட விடக் கூடாது" என்று மருந்து மையத்து ஆலோசகர் சொன்னது மட்டும் காதில் இருந்தது. எப்போது விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

பதினாலாம் நாள் அடுத்த மாத்திரை வாங்க, எச்ஐவி மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையத்துக்குப் போனேன். முழுக்கை ஜாக்கெட் போட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தேன். "தொந்தரவு எதும் இருக்கா?" என்று கேட்டார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றார். அவரும் என்னைப் போலத்தான் வந்திருப்பார் என்ற யோசனைகூட அப்போது வரவில்லை. "இல்ல சார்" என்றேன். கேட்டவர் தலை நிமிரவில்லை. அன்று ராத்திரியிலிருந்து அளவு இரட்டிப்பானது. அந்த மையத்தைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை உண்டு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முந்தானையை விலக்கிக் காட்டச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும். விலக்கிக் காட்ட எனக்கும் அரை நிமிஷம் போதும்.

பதினேழாம் நாள் காய்ச்சல். கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்தல். வாய்க்குள் புண். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஒளிந்து போனேன். "வேற மாத்திரை எதும் எடுக்குறியா?" என்று கேட்டதற்கு, "சத்து மாத்திரைதான்" என்றேன். அலர்ஜி ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் உதடு இரண்டும் ரத்தமும் தோலுமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. முதுகில் கைவைத்துத் திருப்பினால் வெந்த கிழங்கின் தோல் மாதிரி வழன்று வந்தது.

மதினி அரிசி அளக்கப் போனபோது பானைக்குள் மாத்திரை டப்பா கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது என்ன மாத்திரைன்னு நான் கேக்கல புள்ள. எந்த டாக்டரா இருந்தாலும் இதைப் பாக்கணும். இதையும் எடுத்துக்கிட்டுத்தான் போறோம்."

அவர்கள் அன்றைக்கு அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். திட்டியிருக்கலாம். டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு வேன் பிடித்து, என்னை ஏற்றினார்கள். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது உதட்டில் ஊசி ஊசியாகக் குத்தியது. மதினி முந்தானையை விரித்து வேன் கண்ணாடி இடுக்கை மறைத்தபடியே வந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபின், டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்த அந்த நொடியிலேயே நோய்க்குப் பெயர் சொல்லிவிட்டார்: ஸ்டீவன்ஸ்-ஜான்சன், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் கொப்பளித்து உரிகிற நோய். எல்லா மாத்திரையும் அன்றே நிறுத்தப்பட்டது.

இருபத்து மூன்று நாள் இருந்தேன். துணிப் படுக்கையில் போட்டால் தோல் ஒட்டிக்கொண்டு கிழியும் என்று தினமும் வாழை இலையை விரித்து அதன்மேல் கிடத்துவார்கள். இலையின் குளிர்ச்சி இன்னும் முதுகில் ஞாபகம் இருக்கிறது. சாயந்திரத்துக்குள் என் உடம்புச் சூட்டில் இலை கறுத்துவிடும். கண்ணில் மணிக்கு ஒருமுறை மருந்து விட்டார்கள். அந்த நர்ஸ் சகோதரிகளால்தான் இன்று எனக்குப் பார்வை இருக்கிறது. கண்ணில் ஈரம் ஊறுவது மட்டும் குறைந்துபோனது, இன்றும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். பாசிக்கு இறங்குவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வார்டில் காதில் விழுந்த ஒரு பேச்சுத்தான் தோலைவிட அதிகமாக வலித்தது. "இந்த நோய் முத்துனா இப்படித்தான் தோல் உரியும்" என்று ஒரு பார்வையாளர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்தபின் வேறு மாதிரி: முன் ஜென்மம், பாவம், ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டது. நானே பாதி நம்பினேன். ஐந்து வருஷம் அந்த எண்ணத்தோடு இருந்தேன்.

2017 வாக்கில், எங்களைப் போன்றவர்களுக்கு நாங்களே துணையாக இருப்பதற்கான ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒரு தோல் மருத்துவ அம்மாதான் எச்எல்ஏ என்ற சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நம் உடம்பின் அநேகமாக எல்லா செல்களின் மேலும் இருக்கிற புரதம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் துணுக்கு துணுக்காக எடுத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். சுற்றி வரும் வெள்ளையணுக்கள் அதைப் பார்த்து, நம்முடையது என்றால் விட்டுவிடும், அந்நியம் என்றால் தாக்கும். எங்கள் ஊர் விசைப்படகுகளின் பக்கவாட்டில் பெரிதாக எண் எழுதியிருப்பதை நினைத்துக்கொண்டேன். ரோந்து வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அந்த எண்ணைப் படித்துத்தான் எந்த நாட்டுப் படகு என்று தீர்மானிக்கிறார்கள். அந்த எண்ணின் மேல் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வேறு எண்போல் தெரிந்தால்? படகில் இருப்பது நம் ஆட்கள்தான், ஆனாலும் சுடுவார்கள். "அதேதான்" என்றார் அந்த அம்மா.

இந்த எச்எல்ஏ எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. ஆயிரக்கணக்கான வகைகள். அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி. பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது. நாம் என்ன சாப்பிட்டோம், யாருக்கு என்ன செய்தோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில வகைகள், குறிப்பிட்ட ஒரு மருந்து உள்ளே வரும்வரை வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராது. அந்த மருந்தைச் சந்திக்காமலே இறந்துபோகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்து மாமரத்தடியில் நின்று அழுதேன். ஐந்து வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்த அழுகை அது.

நெவிரபின் விஷயத்தில் மரபணு என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற மருந்து அது. சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 15 பேர் வரை ஏதாவது ஒரு தடிப்பு வரும், பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள். எனக்கு வந்தது போன்ற கொடிய வகை ஆயிரத்தில் மூன்று பேர் அளவுக்குத்தான். தாய்லாந்தில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தடிப்பு வந்தவர்களில் 17.5 சதவீதம் பேரிடம் எச்எல்ஏ-பி*35:05 என்ற வகை இருந்தது. மருந்தைத் தாங்கியவர்களில் 1.1 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. வித்தியாசம் பெரிது. ஆனால் அதையே திருப்பிப் படியுங்கள்: தடிப்பு வந்தவர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேலானவர்களிடம் அந்த வகை இல்லவே இல்லை. ஆப்பிரிக்காவில் மலாவியில் பார்த்தபோது, ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்தவர்களிடம் எச்எல்ஏ-சி*04:01 என்ற வேறொரு வகை கூடுதலாகத் தெரிந்தது. ஆக, நெவிரபினுக்கு "இந்த ஒரு சோதனையைச் செய்தால் போதும்" என்று சொல்ல ஒன்று இல்லை. பெண்ணாக இருப்பது, சிடி4 கூடுதலாக இருப்பது, அளவைச் சீக்கிரம் கூட்டுவது, மரபணு எல்லாம் சேர்ந்துதான் தோலில் வந்து முடிகிறது.

என் மகன் கதையும் இதைத்தான் சொல்கிறது. அவன் உடம்பில் பாதி என்னுடையது. அந்தப் பாதிக்குள் நெவிரபினை எதிர்த்த வகை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். போயிருந்தாலும் வந்தே தீரும் என்று இல்லை. "பிள்ளை தாங்குகிறான், நானும் தாங்குவேன்" என்று நான் போட்ட கணக்கு தப்பு. "எனக்கு வந்தது, அவனுக்கும் வரும்" என்பதும் அதே தப்புதான். கூடப்பிறந்தவர்கள் இருவருக்கு எச்எல்ஏ முழுக்க ஒன்றாக இருக்கும் வாய்ப்பே நான்கில் ஒன்று. ஆனாலும் குடும்பத்தில் யாருக்காவது ஒரு மருந்து தோலை உரித்திருந்தால் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். அது தீர்ப்பு ஆகாது, ஆனால் அவர் கூடுதலாகக் கவனிப்பார்.

அபகவிர் என்ற இன்னொரு எச்ஐவி மருந்தின் கதை வேறு. அதில் மரபணு நேராகப் பேசுகிறது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எச்எல்ஏ-பி*57:01 என்ற வகைக்கும் அபகவிர் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 2008-இல் 19 நாடுகளில் 1,956 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை முடிவு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு முன்கூட்டியே ரத்தம் பார்த்து, அந்த வகை இருந்தால் அபகவிர் கொடுக்கவில்லை. மறுபாதிக்கு வழக்கம்போல் கொடுத்தார்கள். தோலில் ஒட்டிப் பார்த்து உறுதி செய்த ஒவ்வாமை, பார்க்காமல் கொடுத்தவர்களில் 2.7 சதவீதம். பார்த்துக் கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. மருத்துவத்தில் பூஜ்யம் என்ற எண் அபூர்வமாகத்தான் வரும், அதனால்தான் இது என் மனதில் நின்றுவிட்டது. அந்த வகை இருக்கிறவர்களிலும் சுமார் பாதிப் பேருக்குத்தான் ஒவ்வாமை வரும். ஆனால் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் எல்லோருக்கும் தவிர்த்துவிடுவார்கள். இந்தியர்களிடம் இந்த வகை அரிதும் அல்ல.

இது எனக்கு ஏட்டுப் படிப்பாக இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வந்தது. மகனுக்குப் பன்னிரண்டு வயதில் ரத்தம் குறைய ஆரம்பித்தது. ஜிடோவுடின் செய்யும் வேலை அது. மாற்றாக அபகவிர் கொடுக்கலாம் என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது. "சார், எனக்கு நெவிரபின்ல தோல் உரிஞ்சது. இவனுக்கு அந்தப் பி 57:01 பாத்துட்டுக் குடுக்கலாமா?" என்று கேட்டேன். அந்த டாக்டர் கோபப்படவில்லை. உங்களுக்கு வந்ததும் இதுவும் வேறு வேறு, ஆனாலும் முடிந்தால் பார்ப்பது நல்லதுதான், இங்கே நாங்கள் வழக்கமாகச் செய்வதில்லை, வெளியில்தான் அனுப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். மதினியின் கம்மலை அடகு வைத்துத் தனியார் சோதனைச்சாலைக்கு ரத்தம் அனுப்பினோம். இல்லை என்று முடிவு வந்தது.

முடிவு வந்தபின்பும் ஆறு வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினேன்: காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி, சோர்வு, இருமல், தடிப்பு. அபகவிர் ஒவ்வாமை தோலில் மட்டும் காட்டாது. காய்ச்சலும் வயிறும் மூச்சும் சேர்ந்து கெடும், ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் கூடிக்கொண்டே போகும். பதினாறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது, கையில் லேசாகச் சிவந்தது. ஐப்பசி மழை நேரம், தெருவெல்லாம் காய்ச்சல். நோட்டையும் சோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு அதே நாள் ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "சோதனை இல்லைன்னு வந்திருக்கிறதால மருந்தை நிறுத்தாம இரண்டு நாள் பார்ப்போம், தினமும் காட்டுங்க" என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, சிவப்பும் போனது. சாதாரணக் காய்ச்சல்தான். அந்தக் காகிதம் கையில் இல்லாதிருந்தால் மருந்தின் மேல் பழி விழுந்திருக்கும். அபகவிர் மேல் ஒருமுறை சந்தேகம் வந்து நிறுத்திவிட்டால் பிறகு வாழ்நாளில் அதைத் தொடவே கூடாது. மறுபடி ஒரே ஒரு மாத்திரை போட்டால்கூடச் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். சோதனை அவனுக்கு ஒரு மருந்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

இப்போது என்னிடம் வருகிற பெண்களுக்கு நான் சொல்வதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. புது மருந்து தொடங்கினால் முதல் ஆறு வாரம் தினமும் குளிக்கும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள், முதுகைப் பார்க்க ஒரு ஆளை நம்புங்கள். சொறி பட்ட தடிப்பு பட்ட இடத்தில் கோடு கோடாக, பட்ட உடனே எரியும். மருந்துத் தடிப்பு நெஞ்சு முதுகில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பரவும். அக்கி ஒரே பக்கம் பட்டையாக வரும். இது ஒரு அடையாளம்தான், தீர்ப்பு இல்லை. பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். அதனால் செல்போனில் தேதி தெரியப் படம் எடுத்துக்கொண்டு அன்றே மையத்துக்குப் போன் செய்யுங்கள். வெறும் அரிப்பும் லேசான சிவப்பும் என்றால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அவர்களைக் கேட்காமல் அளவைக் கூட்டவும் வேண்டாம். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, முகம் வீங்குவது, கொப்புளம், தோல் வழல்வது, கண் மஞ்சளாவது, இதில் எது சேர்ந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் டப்பாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அபகவிர் சாப்பிடுகிறவர்களுக்குத் தடிப்பே இல்லாமல் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தாலும் அதே நாள் போக வேண்டும். வேப்பிலையை வாசலில் செருகுவதை நான் தடுப்பதில்லை. அத்தைமார்களின் மனசு அது. செருகிவிட்டு வேன் பிடியுங்கள் என்கிறேன்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி பார்க்கிறேன். எச்ஐவி மருந்தோடு சேர்த்துத் தடுப்புக்காகக் கோட்ரிமாக்சசோல் மாத்திரையும் கொடுப்பார்கள். அது சல்ஃபா வகை, அதுவும் தடிப்பைக் கொண்டுவரும். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது செய்தது என்று தெரியாமல் போகும். எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால் இரண்டுக்கும்கூட இதேபோல் எச்எல்ஏ வகைகள் உண்டு. அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன்.

கிளினிக்கில் "சத்து மாத்திரை" என்று பொய் சொன்னேனே, அதை யாரும் செய்ய வேண்டாம். டாக்டரிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. 2017-இல் நிறைவேறிய எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவருடைய தொற்றை வெளியில் சொல்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. சந்தேகம் இருந்தால் 1097-க்கு அழைக்கலாம், இலவசம். மருந்தால் வந்த பாதிப்பை நோயாளியே புகாராகப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது: 1800-180-3024. எனக்கு வந்ததை அன்று நான் பதிவு செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த எண்ணை இப்போது எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.

என் எச்எல்ஏ என்ன வகை என்று இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் தேவையில்லை, உடம்பே சொல்லிவிட்டது. ஏஆர்டி புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: நெவிரபின் எனக்கு ஆகாது. 2021-இல் டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, தோலில் ஒரு குறையும் இல்லை. நெவிரபின் பெரியவர்களுக்கு இப்போது அநேகமாகக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒரு இடத்தில் இன்னும் இருக்கிறது, அங்கேதான் என் கதையே ஒருத்திக்குக் கேடாக வந்தது.

தேவிபட்டினம் பக்கத்துப் பெண், முதல் பிரசவம். தொற்று இருப்பவள். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றாமல் இருக்க ஆறு வாரம் நெவிரபின் சிரப் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இரண்டு நாளாகக் கொடுக்கவில்லை. "அக்கா, நீங்கதானே சொன்னீங்க, அது தோலை உரிச்சுரும்னு" என்று போனில் அழுகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. நான் கூட்டங்களில் என் முதுகுத் தழும்பைக் காட்டிப் பேசிய பேச்சு, அவளுக்குள் அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது. மறு பஸ்ஸில் போனேன். எனக்கு வந்தது ஆயிரத்தில் மூன்று பேருக்கு வருவது, அதுவும் பெரியவர்களுக்கு முழு அளவில் கொடுக்கும்போது; குழந்தைக்குக் கொடுப்பது சின்ன அளவு, அதில் கொடிய தடிப்பு மிக மிக அரிது; கொடுக்காமல் விட்டால் வரக்கூடியது உயிர் முழுக்க இருக்கும் தொற்று என்று உட்கார்ந்து சொன்னேன். இரண்டு நாள் விட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வைத்தேன். அன்று மாலையே சிரப் தொடங்கியது.

முதல் வாரம் அவள் தினமும் ராத்திரி வீடியோவில் அழைப்பாள். டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தையின் சட்டையைக் கழற்றி நெஞ்சு, முதுகு, அக்குள், தொடை இடுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நானும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உற்றுப் பார்ப்பேன். நான்காம் வாரம் கழுத்து மடிப்பில் சின்னதாகச் சிவந்தது. நேரில் காட்டினோம், பால் வழிந்து ஊறிய புண். ஆறாம் வாரம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அவள் அழைக்கவில்லை, குழந்தையின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் சோதனையில் தொற்று இல்லை. அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் இன்னொரு வரி: நெவிரபின் 6 வாரம் கொடுத்தது, தடிப்பு இல்லை.